ஓநாயும் வேட்டைக்காரர்களின் கோபமும்: விஸ்கான்சினில் இருந்து கேள்வி பதில்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வசிக்கிறேன். நவம்பரில் மான் வேட்டைக்குப் போகிறவன். பனி விழுந்த பிறகு ஓநாய்த் தடம் பார்க்கப் போகும் தன்னார்வலர்களிலும் ஒருவன். இரண்டு தரப்போடும் பழக்கம் இருப்பதால் ஓநாய் பற்றி என்னிடம் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சென்னை வாசகி: ஓநாய் அங்கே பாதுகாக்கப்பட்ட விலங்குதானே சார்? அப்புறம் வேட்டைக்காரர்களுக்கு என்ன கோபம்?

பாதிக் கோபம் ஓநாய் மேல். மீதிப் பாதி, அதைப் பற்றி யார் முடிவெடுக்கிறார்கள் என்பதன் மேல்.

ஓநாயைக் கொன்றால் அரசாங்கமே பணம் கொடுத்த காலம் இங்கே 1957 வரை இருந்தது. 1960 வாக்கில் விஸ்கான்சினில் ஓநாயே இல்லை. 1970-களின் நடுவில் பக்கத்து மின்னசோட்டாவில் இருந்து அவை தாமாக நடந்து வந்தன. யாரும் கூண்டில் கொண்டு வந்து விடவில்லை. 1999-இல் மாநில அரசு போட்ட திட்டத்தில் 350 ஓநாய் இலக்கு என்று எழுதினார்கள். 2020-இல் எண்ணிக்கை ஆயிரத்தைத் தொட்டது. வடக்கே எந்த மான் வேட்டைக் கூடாரத்தில் உட்கார்ந்தாலும் அந்த 350 பேச்சில் வரும். அவர்களைப் பொறுத்தவரை அது அரசு கொடுத்த வாக்கு.

அதைவிட எரிச்சலூட்டுவது சட்டம் ஊசலாடுவது. 2012 ஜனவரியில் மத்தியப் பாதுகாப்புப் பட்டியலில் இருந்து ஓநாயை எடுத்தார்கள். 2014 டிசம்பரில் வாஷிங்டன் நீதிமன்றம் திரும்பச் சேர்த்தது. 2021 ஜனவரியில் மறுபடி எடுத்தார்கள், 2022 பிப்ரவரியில் கலிஃபோர்னியா நீதிமன்றம் மறுபடி சேர்த்தது. அதற்கு முன்னாலும் இதே கதைதான். உரிமம் வாங்கிச் சுட்ட அதே விலங்கை அடுத்த சீசனில் சுட்டால் சிறை. தீர்ப்பு சொல்கிறவர் ஓநாய் ஊளையிடுவதைக் கேட்டிருக்கவே மாட்டார் என்று இங்கே பேசிக்கொள்வார்கள்.

பணமும் இதில் இருக்கிறது. 1937-இல் இருந்து துப்பாக்கி, தோட்டா மேல் ஒரு மத்திய வரி இருக்கிறது. அந்தப் பணம் வனவிலங்குப் பராமரிப்புக்கு மாநிலங்களுக்கு வருகிறது. உரிமக் கட்டணம் தனி. "செலவு நம்முடையது, பேச்சு மட்டும் அவர்களுடையது" என்ற மனக்குறை ஆழமாக இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது.

டொராண்டோ வாசகர்: ஓநாய் மான்களைத் தின்று தீர்த்துவிட்டது என்கிறார்களே, உண்மையா அண்ணா?

மாநிலம் முழுவதும் பார்த்தால் இல்லை. ஒரு ஓநாய் வருஷத்துக்கு ஏறக்குறைய இருபது மான் தின்னும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ஓநாய்க்கு இருபதாயிரம் ஆகிறது. வேட்டைக்காரர்கள் நாங்கள் எடுப்பது ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம். தெற்கே மான் கூடிப்போய்ப் பயிரைத் தின்கிறது என்றுதான் புகாரே.

ஆனால் ஓநாய் தெற்கே இல்லையே. பெரும்பகுதி வடக்குக் காட்டில்தான் இருக்கிறது. அங்கே காடு முற்றிப் போய் மானுக்குத் தீனி குறைந்துவிட்டது. 2013–14 மாதிரி கடுங்குளிர் வந்தால் குட்டிகள் கூட்டமாகச் சாகும். அதற்கு மேல் ஓநாய்க் கூட்டம் ஒன்று வந்து நின்றால், அந்தப் பகுதியில் பரம்பரையாக வேட்டைக்குப் போகும் குடும்பத்துக்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மரத்தில் கட்டிய பலகையில் விடியற்காலை முதல் இருட்டும் வரை உட்கார்ந்து ஒரு மான்கூடப் பார்க்காமல் இறங்கி வருகிறவரிடம் போய் 3 லட்சம் என்று கணக்குச் சொன்னால் எடுபடாது. பனிக்கு அவர் என்ன செய்ய முடியும்? ஓநாய்தான் கண்ணில் படுகிறது.

துபாய் வாசகர்: ஓநாய் மனிதரைத் தாக்குமா?

திரும்பி வந்த பிறகு விஸ்கான்சினில் ஓநாய் ஒரு மனிதரையும் கொன்றதாகப் பதிவு இல்லை. காட்டுச் சாலையில் மான் வந்து கார் மேல் விழுவதுதான் எனக்குப் பயம்.

பெங்களூரு வாசகி: வேட்டை நாய்களை ஓநாய் கொல்கிறது என்று படித்தேன். அதற்கு இழப்பீடு உண்டா?

உண்டு. ஒரு நாய்க்கு 2,500 டாலர் வரை மாநிலம் கொடுக்கிறது. கரடி வேட்டை நாய்களை ஜூலையில் இருந்து காட்டில் ஓட விட்டுப் பழக்குவார்கள். அதே மாதங்களில்தான் ஓநாய் தன் குட்டிகளைப் புல்வெளி ஓரத்தில் விட்டு வளர்க்கிறது. மோப்பம் பிடித்து அந்த இடத்துக்குள் நாய் ஓடினால் தாயும் தகப்பனும் சும்மா விடாது. நாய்க்காரர் ஒரு மைல் தள்ளி வண்டியில் உட்கார்ந்து ஜிபிஎஸ் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாயின் புள்ளி நகராமல் நின்றுவிடும். போய்ப் பார்த்தால் கழுத்துப்பட்டையும் கொஞ்சம் எலும்பும் மட்டும் கிடக்கும். வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்த நாய். அந்த மனிதர் கண்கலங்கிப் பேசும்போது இழப்பீட்டுத் தொகையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

நாய் கொல்லப்பட்ட இடங்களை மாநில இயற்கை வளத் துறை வரைபடத்தில் போட்டு எச்சரிக்கை கொடுக்கிறது. அதைப் பார்த்து வேறு பக்கம் போகிறவர்களுக்கு இழப்பு குறைவு. எச்சரித்த இடத்துக்கே திரும்பத் திரும்ப நாயை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக என்னால் வாதாட முடியாது.

மேடிசன் மாணவி: சட்டவிரோதமாக எத்தனை ஓநாய் கொல்லப்படுகிறது அங்கிள்? எப்படித் தெரியும்?

முழுக் கணக்கு தெரியாமல் இருப்பதுதான் இந்தக் குற்றத்தின் இயல்பே அம்மா. கார் மோதிச் செத்த ஓநாய் சாலையில் கிடக்கும். திருட்டுத்தனமாகச் சுட்டது மண்ணுக்குள் போய்விடும். ரேடியோ கழுத்துப்பட்டை போட்ட ஓநாயின் சமிக்ஞை திடீரென்று நின்றுபோகும், பட்டையும் கிடைக்காது, உடலும் கிடைக்காது. பேட்டரி தீர்ந்ததா, யாராவது உடைத்து ஆற்றில் போட்டார்களா என்பதை மற்றத் தடயங்களோடு சேர்த்துத்தான் ஊகிக்க முடியும்.

ஸ்வீடனில் 1998 முதல் 2009 வரை இதை விரிவாக ஆராய்ந்தார்கள். மொத்த ஓநாய்ச் சாவில் ஏறக்குறைய பாதி திருட்டு வேட்டை. அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெளியே தெரியாமலே போனவை.

இது எண்ணிக்கையை எப்படிக் கெடுக்கிறது என்று சொல்கிறேன். புதுப்பனி விழுந்து ஓரிரு நாளில் காட்டுச் சாலையில் மெதுவாக வண்டி ஓட்டிக்கொண்டு போவோம். பெரிய ஓநாயின் முன்கால் தடம் நாலரை அங்குலம் நீளம் இருக்கும், ஓநாய் மாதிரியே இருக்கும் சின்ன விலங்கான கயோட்டியின் தடம் அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட. ஓநாய்க் கூட்டம் ஆழமான பனியில் முன்னால் போனதன் அடியிலேயே கால் வைத்துப் போகும். பார்த்தால் ஒற்றை விலங்கு போன மாதிரி இருக்கும். ஒரு வளைவு வரை பொறுமையாகப் பின்தொடர்ந்தால் தடம் மூன்றாக, ஐந்தாகப் பிரியும். இப்படிச் சேர்ந்த தகவலை வைத்துத்தான் மாநிலம் மதிப்பீடு செய்கிறது. இடையில் எவ்வளவு காணாமல் போகிறது என்று தெரியாவிட்டால், அடுத்த வருஷம் எத்தனை ஓநாயை வேட்டைக்கு விடலாம் என்று சொல்லும் அதிகாரி கண்ணைக் கட்டிக்கொண்டுதான் சொல்ல வேண்டும். அவர் பயந்துபோய்க் குறைவாகத்தான் சொல்வார். திருட்டுத்தனமாகச் சுடுகிறவன் பறிப்பது உரிமம் எடுத்துக் காத்திருக்கும் பக்கத்து வேட்டைக்காரனின் பங்கைத்தான்.

ஹூஸ்டன் வாசகர்: "கயோட்டி என்று நினைத்துச் சுட்டேன்" என்றால் தப்பிக்கலாமாமே?

பல நேரம் தப்பிக்கிறார்கள். எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் கனடாவில் இருந்து ஓநாய்களைக் கொண்டு வந்த அதே 1995-இல், அப்படி வந்ததில் பத்தாம் எண் ஓநாயை மொன்டானா மாநிலத்தின் ரெட் லாட்ஜ் பக்கத்தில் ஒருவர் சுட்டார். தோலையும் தலையையும் எடுத்துக்கொண்டு போனார். அதன் இணை தனியாக எட்டுக் குட்டி போட்டது. அந்தக் குடும்பத்தை ஆய்வாளர்கள் திரும்ப எல்லோஸ்டோனுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். நாய் என்று நினைத்தேன் என்று சுட்டவர் வாதாடினார், ஆனாலும் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்த வழக்கின் தொடர்ச்சியாக 1999-இல் மத்திய நீதித் துறை ஒரு கொள்கை வைத்துக்கொண்டது. சுட்டவருக்கு அது எந்த விலங்கு என்று தெரியும் என்பதை நிரூபிக்க முடிந்தால்தான் குற்ற வழக்கு. ஒரு வருஷச் சிறை, 50,000 டாலர் அபராதம் என்று சட்டப் புத்தகத்தில் இருப்பது அதனால்தான் பலரைத் தொடுவதில்லை.

வேட்டைக்காரனாக என்னால் இதை ஏற்கவே முடியவில்லை. சுடுவதற்கு முன் இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உறுதி செய்துகொள் என்பது முதல் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம். கயோட்டி பத்துப் பதினைந்து கிலோ, ஓநாய் முப்பது நாற்பது கிலோ. வித்தியாசம் தெரியவில்லை என்றால் விசையில் விரல் வைக்கவே கூடாது.

மதுரை வாசகர்: அநியாயமான சட்டம் என்று மக்கள் நினைத்தால் மீறுவதில் என்ன தப்பு ஐயா? நாம் உப்பு காய்ச்சவில்லையா?

நல்ல கேள்வி. இங்கேயும் சிலர் இதையே வேறு மாதிரி சொல்கிறார்கள், எங்கள் பேச்சு எடுபடவில்லை, அதனால் துப்பாக்கியால் பேசுகிறோம் என்று. ஆனால் 1930-இல் ராஜாஜி வேதாரண்யம் போனபோது நாள் குறித்து, ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு, பட்டப்பகலில் நடந்து போனார். உப்பை அள்ளினார், கைதானார். மீறலை ஒளிக்கவில்லை, தண்டனைக்கு ஒதுங்கவில்லை, அதில் இன்னொரு உயிருக்குச் சேதமும் இல்லை.

இங்கே புழங்கும் வாசகம் "சுடு, புதை, வாயை மூடு" என்பது. வண்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. புதைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வதை எதிர்ப்பு என்று எப்படி எடுத்துக்கொள்வது? யாருக்கும் எதுவும் தெரியப்படுத்தாத எதிர்ப்பு எந்தச் சட்டத்தை மாற்றும்? நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் "பாருங்கள், இந்த மாநிலத்தை நம்பி ஓநாயை ஒப்படைக்க முடியாது" என்று சொல்லத்தான் அது உதவுகிறது.

விஷம் வைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இறைச்சியில் விஷம் கலந்து போட்டால் அதை எது தின்னும் என்று போட்டவனுக்கே தெரியாது. கழுகு தின்னும், பக்கத்து வீட்டு நாய் தின்னும். கோபத்தைக் கேட்டுக்கொள்ள நான் தயார். விஷம் வைத்தவனோடு பேச எனக்கு எதுவும் இல்லை.

சியாட்டில் வாசகி: 2021 பிப்ரவரியில் உங்கள் மாநிலத்தில் நடந்தது என்ன?

ஓநாயைப் பட்டியலில் இருந்து எடுத்ததும், நவம்பரில் நிதானமாக வேட்டை நடத்த மாநிலத் துறை நினைத்தது. ஒரு வேட்டை அமைப்பு வழக்குப் போட்டு, பிப்ரவரியிலேயே நடத்த வேண்டும் என்று உத்தரவு வாங்கியது. மொத்தம் 200 என்று வைத்து, அமெரிக்க அரசோடு செய்த பழைய ஒப்பந்த உரிமைப்படி 81-ஐ ஓஜிப்வே பழங்குடிகளுக்கு ஒதுக்கினார்கள். ஓநாய் அவர்களுக்கு உடன்பிறப்பு, அவர்கள் வேட்டையாடவில்லை. உரிமம் வாங்கியவர்களுக்கு மிச்சம் 119. உரிமங்களையோ வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கொடுத்தார்கள். புதுப்பனி இருந்தது, பெரும்பாலோர் நாய்களை விட்டுத் துரத்தினார்கள். மூடுகிறோம் என்று அறிவித்தாலும் 24 மணி நேரம் அவகாசம் தர வேண்டும் என்பது சட்டம். மூன்று நாள் முடிவதற்குள் 218 ஓநாய் போய்விட்டது.

பிப்ரவரி ஓநாய்க்கு இனப்பெருக்கக் காலம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுட்டவர்களில் பெரும்பாலோர் சட்டப்படிதான் சுட்டார்கள், அவர்களை நான் திருடர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் பொறுப்பாக நடத்துவோம், எங்களிடம் கொடுங்கள் என்று வருஷக்கணக்காகக் கேட்டது நாங்கள். திரும்பக் கையில் கொடுத்ததும் வந்த முதல் வாய்ப்பில் ஒதுக்கீட்டைத் தாண்டி 99. அடுத்த வேட்டைக்கு நீதிமன்றம் தடை போட்டது, அப்புறம் பட்டியலிலும் திரும்பச் சேர்ந்துவிட்டது. எங்கள் அமைப்புகளில் இதை வெளிப்படையாகப் பேசியவர்கள் மிகக் குறைவு, அது எனக்கு இன்னும் வருத்தம்.

கோவை வாசகர்: சட்டப்படி வேட்டை அனுமதித்தால் திருட்டு வேட்டை குறையுமா?

குறையும் என்று அரசுகள் சொல்கின்றன. 2016-இல் விஸ்கான்சின், மிச்சிகன் தகவல்களை வைத்து வந்த ஓர் ஆய்வு, கொல்ல அனுமதித்தபோது திருட்டு வேட்டை கூடியிருக்கலாம் என்றது. கணக்கு சரியில்லை என்று மற்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். சட்டத்தின் ஊசலாட்டம்தான் மக்களைத் திருட்டு வேட்டைப் பக்கம் தள்ளியது என்று சொன்ன ஆய்வும் உண்டு. எனக்கு இது நான் கேட்ட பேச்சுகளோடு ஒத்துப்போகிறது. 2012-இல் வேட்டை வந்த பிறகு மக்களிடம் கேட்டுப் பார்த்தபோது ஓநாய் மேல் சகிப்பு கூடியிருக்கவில்லை.

என் நிலைப்பாடு இது: பட்டியலில் இருந்து எடுக்கலாம். நவம்பரில், நாய் இல்லாமல், பகுதி பகுதியாகப் பிரித்து, குறைந்த ஒதுக்கீட்டில் வேட்டை நடத்தலாம். கால்நடையைத் திரும்பத் திரும்பக் கொல்லும் கூட்டத்தின் மேல் உடனே நடவடிக்கை எடுக்க மாநிலத்துக்கு அதிகாரம் வேண்டும். இப்போது மாடு வளர்ப்பவர் கண் முன்னால் கன்றை இழுத்தாலும் ஓநாயைச் சுட முடியாது. மனித உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே முடியும். மின்னசோட்டாவில் சட்டத் தகுதி வேறு என்பதால் அரசு ஆட்கள் வந்து அந்த ஓநாயைப் பிடித்துக் கொல்கிறார்கள். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் விவசாயி கயிற்றில் சிவப்புத் துணி கட்டி வேலி போடுகிறார். அதுவும் ஓரிரண்டு மாதம்தான், அப்புறம் ஓநாய்க்குப் பழகிவிடும்.

பெயர் வேண்டாம் என்ற வாசகர்: என் வேட்டைக் குழுவில் ஒருவர் ஓநாயைச் சுட்டுப் புதைத்ததாகக் குடித்துவிட்டுச் சொன்னார். நான்தான் குழுவில் ஒரே இந்தியன். சொன்னால் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். என்ன செய்ய அண்ணா?

தம்பி, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. துப்பாக்கி கையில் இருக்கும் மனிதர்களோடு காட்டில் தனியாக இருக்கிற நேரங்கள் உண்டு. அதனால் முதலில் உங்கள் பாதுகாப்பு. நேருக்கு நேர் சண்டை போட வேண்டாம்.

மாநிலத் துறைக்கு விதிமீறல் தகவல் தொலைபேசி இருக்கிறது, பெயர் சொல்லாமல் பேசலாம். போதையில் கேட்டது என்பதால் உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்: எந்தப் பகுதி, ஏறக்குறைய எப்போது, பட்டை இருந்ததாகச் சொன்னாரா. மிச்சத்தை அவர்கள் விசாரிக்கட்டும். புதைத்த இடத்தைத் தேடிக்கொண்டு நீங்கள் போகாதீர்கள், தடயம் கெடும், உங்கள் மேலும் சந்தேகம் வரும். அடுத்த நவம்பருக்கு இடம் வேண்டும் என்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள். எங்கள் குழுவில் ஒரு பலகை காலியாக இருக்கிறது. காலை நாலரைக்குக் கிளம்புவோம், சாம்பார் சாதம் நான் கொண்டு வருகிறேன்.