தீப்பிடித்த பழைய பீட்டில் காரின் பின்பக்க சஸ்பென்ஷனை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவின் 1968ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டில், எஞ்சின் பக்கம் தீப்பிடித்து இடப்பக்கப் பின்சக்கரமும் எரிந்துவிட்டது. மெக்கானிக் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார். சஸ்பென்ஷனை மட்டுமாவது வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்ய இயலுமா என்பது உங்கள் கேள்வி.

இயலும். பெரும்பகுதியை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். இரண்டு வேலைகளை மட்டும் வெளியே கொடுத்துவிடுங்கள்; அவை எவை என்று கீழே சொல்கிறேன். இரும்புக்குப் போடும் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

நான் போர்ட் எலிசபெத்தில், மலபார் பகுதியில் இருக்கிறேன். எங்கள் தாத்தாவின் பீட்டிலும் இதேபோல்தான் எரிந்தது. நிறவெறி ஆட்சிக் காலத்தில் இதே ஊரின் சவுத் எண்ட் பகுதியிலிருந்து இந்தியக் குடும்பங்களை வெளியேற்றியபோது எங்கள் வீட்டுச் சாமான்களில் பாதி அந்த வண்டியில்தான் மலபாருக்கு வந்தது. அதை உடைத்து விற்க யாருக்கும் மனம் வரவில்லை. பக்கத்து ஊரான யூட்டன்ஹேக்கில், இப்போது கரீகா என்று பெயர் மாறிவிட்டது, 1951 முதல் 1979 வரை பீட்டில்களைச் செய்தார்கள். அந்த ஆலையில் வேலை பார்த்த மாமா ஒருவர் எங்களுக்கு இருந்தார். பழுது பார்த்த நாட்களில் அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "கரியைப் பார்க்காதே, ரப்பரைப் பார்" என்பார். நான் எழுதப்போவதெல்லாம் அந்த ஒரு சொல்லின் விரிவுதான்.

தீயில் எரிந்த வண்டியில் கண்ணை ஏமாற்றுவது கரி. கன்னங்கரேலென்று இருக்கும் பாகம் நன்றாக இருக்கலாம். துடைத்து வைத்ததுபோல் வெளுத்திருக்கும் பாகம் வீணாகியிருக்கலாம். மிகுந்த சூடு கரியையும் எரித்துவிடும் என்பதே காரணம். ஆகவே ஒவ்வோர் இடமும் எவ்வளவு சூடானது என்பதை அந்த இடத்தில் இருக்கும் மென்மையான பொருட்களிடம் கேட்க வேண்டும். ரப்பர் இன்னும் வளைகிறதா? அப்படியானால் அங்கே எஃகைக் கெடுக்கும் சூடு எட்டவில்லை. பெயின்ட் நிறம் மாறாமல் ஒட்டியிருக்கிறதா? நல்லது. ரப்பர் சாம்பலாகிவிட்டதா? அங்கே எஃகைச் சந்தேகியுங்கள். அலுமினியம் உருகி வழிந்திருக்கிறதா? அது 660 பாகை செல்சியஸில் உருகும் உலோகம். அந்த இடத்தில் இருந்த ஸ்பிரிங், பேரிங், போல்ட் எதையும் திரும்பப் பூட்டாதீர்கள். சக்கரத்தைத் தாங்கும் 8.8 ரக (பலத்தைக் குறிக்கும் எண் அது) போல்ட்டின் பலம், ஆலையில் குறைந்தது 425 பாகையில் பதப்படுத்தியதால் வந்தது. அதற்கு மேல் சூடானால் பதம் இறங்கிவிடும். வெளியே எதுவும் தெரியாது. பேரிங்குக்கு அவ்வளவுகூட வேண்டாம். 200 பாகையைத் தாண்டினாலே அதன் கடினம் குறையத் தொடங்கும்.

பீட்டிலின் அமைப்பு இதில் நமக்குக் கொஞ்சம் சாதகம். எஞ்சின் கடைசியில், அதற்கு முன்னால் கியர்பாக்ஸ், அதற்கும் முன்னால் குறுக்கே கிடக்கும் குழாய்க்குள் டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பிகள், பக்கத்துக்கு ஒன்று. அதனால் எஞ்சின் தீயில் முதலில் போவது ஷாக் அப்சார்பர், ஆக்சில் பூட் எனப்படும் ரப்பர் உறை, கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் மவுண்ட், பிரேக் ஹோஸ் ஆகியவை. முறுக்குக் கம்பி பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் டயர் எரிந்த பக்கத்தில் கதை வேறு. டயர் நின்று நெடுநேரம் எரியும். அதன் அருகில்தான் கம்பியின் வெளிமுனை இருக்கிறது. உங்கள் வண்டியின் இடப்பக்கம் அப்படித்தான். வலப்பக்கத்தைத் தொடாமல் வைத்திருங்கள், அளவு பார்க்க அது வேண்டும்.

பிரிப்பதற்கு முன் கைகளைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் யாராவது மாற்றியிருக்கும் ஆயில் சீல்கள் வைட்டான் போன்ற ஃபுளோரின் கலந்த ரப்பராக இருக்கலாம். அது மிகுந்த சூட்டில் சிதைந்தால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டாகும். கறுத்துப் பிசுபிசுவென்று உருகிக் கிடக்கும் சீலை வெறுங்கையால் தொடவே கூடாது. கனமான நியோபிரீன் கையுறை, கண்ணாடி இரண்டும் போடுங்கள். சுண்ணாம்பு நீரால் கழுவிய பிறகே சுரண்டுங்கள். கையில் பட்டுவிட்டால் உடனே நீரில் கழுவிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். வலி தாமதமாகத்தான் தெரியும். இரண்டாவது, கியர்பாக்ஸின் கூடு மக்னீசியம் கலவை. அதை அரவை இயந்திரத்தால் தேய்க்காதீர்கள், அந்தத் தூள் தீப்பற்றும். எரியும் மக்னீசியத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் இன்னும் வெடித்து எரியும். உலர்ந்த மணல் ஒரு வாளி அருகிலேயே இருக்கட்டும். எரிந்த ஷாக் அப்சார்பரை அறுத்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம், உள்ளே எண்ணெய் இருக்கிறது.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். எரிந்த ஒயரின் பிவிசி உறையிலிருந்து வரும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கரியோடு சேர்ந்து எல்லா இரும்பிலும் படிந்திருக்கும். டர்பனின் கடற்காற்றும் சேர்ந்தால் துரு வெகு வேகமாக ஏறும். சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, நல்ல நீர் விட்டு அலசி, உலர்த்தி, எண்ணெய் பூசிவிடுங்கள்.

இனி முக்கியமான வேலைக்கு வருகிறேன். சக்கரத்தின் நடு நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்த வேண்டும். 36 மில்லிமீட்டர் சாக்கெட், நீண்ட குழாய், கூடவே இன்னொருவர். எரிந்த பக்கத்தில் வேறொரு சக்கரத்தைப் பூட்டிக்கொள்ளுங்கள். பிறகு சேஸியின் கீழ் ஸ்டாண்டு வையுங்கள். கியர்பாக்ஸின் கீழ் வைக்காதீர்கள். சக்கரத்தையும் ஷாக்கின் கீழ் போல்ட்டையும் கழற்றியதும் தெரியும் பட்டையான எஃகுத் தகடுதான் ஸ்பிரிங் பிளேட். அது ஆக்சில் குழாயின் முனையோடு சேருமிடத்தில், இரண்டின் மேலும் ஒரே கோடாக உளியால் ஒரு சிறு கீறல் போடுங்கள். சக்கரம் நேராக நிற்பதற்கான அளவு அந்தக் கீறலில்தான் இருக்கிறது. அது இல்லாமல் பிரித்தால் பின்னால் அலைன்மென்ட் கடைக்குப் போய்த்தான் தீரவேண்டும்.

அடுத்து, முறுக்குக் கம்பி இருக்கும் குறுக்குக் குழாயின் முனையில் நான்கு போல்ட் போட்ட மூடி. அதைக் கழற்றும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தகட்டின் கீழ்விளிம்பு வார்ப்பிரும்பு மேடு ஒன்றின் மேல் பெரும் அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறது. முறுக்குக் கம்பியின் முழு விசையும் அதில் இருக்கிறது. தகட்டின் நுனிக்குக் கீழே ஜாக்கி வைத்து, ஜாக்கி நழுவாதபடி சேஸியோடு சங்கிலியால் கட்டி, மெதுவாக உயர்த்துங்கள். தகடு மேட்டிலிருந்து எழும்பியதும் கடப்பாரையால் வெளிப்பக்கம் நெம்பி, ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். விசை முழுதும் போய்த் தகடு தளர்ந்து தொங்கும். எங்கள் வண்டியில் அந்த நேரத்தில், மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையமான புஷ் கண்ணில் பட்டது. வெளிப்பாதி கோடைக்காலத்துக் குளத்துச் சேறுபோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. விரலால் தோண்டினால் உதிர்ந்தது. உள்பாதி அப்படியே கறுத்து மினுமினுத்து, அழுத்தினால் திரும்பி எழும்பியது. ஒரு விரல் அகலத்துக்குள் தீ நின்ற எல்லை அது. மாமா அதை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கம்பி பிழைத்திருக்கும், எடு" என்றார்.

தகடு தொங்கும் அந்த நிலையில் கோணத்தை அளந்து எழுதிவைத்த பிறகே கம்பியை எடுங்கள். கோணமானியைத் தகட்டின் மேல் விளிம்பில் வைத்துப் பாருங்கள். கதவு நிலையின் அடிப்பட்டையில் வைத்து வண்டியின் சாய்வையும் பார்த்துக் கணக்கில் சேருங்கள். பின் மட்கார்டின் முன்பக்க போல்ட்டுகள் சிலவற்றைத் தளர்த்தி அதை விலக்கினால்தான் கம்பி வெளியே வரும். வந்ததும் அதன் பெயின்ட்டைப் பாருங்கள். நுனிவரை பெயின்ட் ஒட்டியிருந்தால் கம்பி நல்லது. கொப்பளித்தோ உரிந்தோ நீலம் பாரித்தோ இருந்தால் வேண்டாம். நீலம் என்றால் ஏறத்தாழ 300 பாகை. கடினத்தைச் சோதிக்கிறேன் என்று கம்பியின் உடலில் அரம் போடாதீர்கள். நாள் முழுதும் முறுக்கி முறுக்கி விடப்படும் எஃகு அது. சிறு கீறலும் விரிசலாக வளரும். சந்தேகம் என்றால் லேத் பட்டறையில் கடினமானியைக் கம்பியின் நுனி முகத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். ஸ்பிரிங்கை மறுபடி காய்ச்சிப் பதம் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கம்பியை மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். இடம், வலம் என்று முனையில் எழுத்து இருக்கும். ஒவ்வொன்றும் ஒரே திசையில் முறுக்கப்பட்டுப் பழகிய கம்பி, ஆகவே இடம் மாற்றிப் போடவே கூடாது.

திரும்பப் பூட்டும்போது கோணம் அமைப்பதுதான் இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. கம்பியின் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44. உள்முனையை ஒரு பல் திருப்பினால் 9 பாகை. வெளிமுனையில் தகட்டை ஒரு பல் எதிர்த்திசையில் திருப்பினால் 8.2 பாகை. இரண்டையும் சேர்த்துச் செய்தால் மிஞ்சுவது 0.8 பாகை, அதாவது ஒரு பாகைக்கும் குறைவு. மரையோ திருகோ இல்லாமல், பற்களின் எண்ணிக்கை வேறுபாட்டை மட்டும் வைத்து இவ்வளவு நுட்பமாகச் சரிசெய்யும்படி வடிவமைத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதிவைத்த கோணத்தோடும் வலப்பக்கக் கோணத்தோடும் ஒப்பிட்டு, ஒத்துவரும்வரை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஆண்டுக்குரிய கோணம் ஆலைக் கையேட்டில் இருக்கும். 1967 மாடலிலிருந்து பின்பக்கம் கூடுதல் சமன் கம்பி ஒன்று சேர்ந்ததால் முந்தைய ஆண்டுகளின் கோணத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பற்களுக்கு கிரீஸ் பூசுங்கள். புதிய ரப்பர் புஷ்ஷுக்கு கிரீஸ் ஆகாது, ரப்பரை அரித்துவிடும்; டால்கம் பவுடர் போதும். மூடியைப் பூட்டும்போது புஷ் தடித்திருப்பதால் போல்ட் எட்டாது. அதே மரையில் நீளமான இரண்டு போல்ட்டுகளை எதிரெதிராகப் போட்டு மூடியை இழுத்து, மற்ற இரண்டையும் பூட்டிய பிறகு நீளமானவற்றை மாற்றிக்கொள்ளுங்கள். ஆக்சில் பூட் இரண்டாகப் பிளந்து திருகு போடும் வகையில் கிடைக்கிறது, ஆக்சிலைக் கழற்றாமலே மாட்டலாம். அதன் இணைப்பு கீழ்நோக்கி இருந்தால் எண்ணெய் கசியும். கடைசியில் நடு நட்டின் இறுக்கம் 217 அடி-பவுண்டு. ஒரு மீட்டர் குழாயின் நுனியில் 30 கிலோ எடை தொங்கும் அளவு. நட்டைப் பூட்டும் காட்டர் பின் நுழையும் ஓட்டை நேராக வராவிட்டால் இன்னும் இறுக்குங்கள், பின்னோக்கித் தளர்த்தக் கூடாது. பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர், ஷாக்குகள், சக்கர பேரிங், எரிந்த பகுதியின் எல்லா போல்ட்டுகள் ஆகியவற்றை யோசிக்காமல் புதிதாகப் போடுங்கள்.

வெளியே கொடுக்கச் சொன்ன இரண்டு வேலைகள் இவை. ஒன்று, கியர்பாக்ஸை ஏந்தியிருக்கும் சேஸியின் கவைக்கால்கள். குறுக்குக் குழாயின் இரு முனைகளிலிருந்தும் எதிர்ப்பக்கக் கால் நுனிக்குக் குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒத்துப்போகாவிட்டால் சேஸி பட்டறைதான். வீட்டில் கேஸ் சுடரால் காய்ச்சி நிமிர்த்தக் கூடாது. இரண்டு, கியர்பாக்ஸ் கூட்டின் விளிம்பு உருகியோ, வெண்பொடி பூத்தோ, விரிசல் விட்டோ இருந்தால் அதைத் திறந்து பார்க்கும் வேலை.

இன்சூரன்ஸ் இருந்தால் ஒரு விஷயத்தை முதலில் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் வண்டியைக் கோட் 4 என்று பதிந்துவிட்டால் அது திரும்பவும் சாலைக்கு வர வழியில்லை. கோட் 3 என்றால் மீட்டுக் கட்டிய வண்டியாகப் போலீஸ் அனுமதியும் சாலையில் ஓட்டத் தகுதியானது என்னும் ரோட்வொர்த்தி சான்றும் பெற்று ஓட்டலாம். பணம் வாங்கிக் கையெழுத்துப் போடும் முன் எந்த எண் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தீ எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. பீட்டிலில் பெரும்பாலும் அது பெட்ரோல் ஹோஸிலிருந்துதான் வரும். டாங்க் முன்னால், எஞ்சின் பின்னால். சேஸி நடுவே வரும் இரும்புக் குழாய் கியர்பாக்ஸ் பக்கம் முடிந்து, அங்கிருந்து ரப்பர் ஹோஸ் தொடங்குகிறது. துணி பின்னிய பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வெடித்திருக்கும். கார்புரேட்டரில் அழுத்திச் செருகிய பித்தளைக் குழாயும் தளர்ந்து கழன்றுவிடும். சஸ்பென்ஷன் முடிந்து முதல்முறை எஞ்சினை இயக்கும் முன் இந்த ஹோஸ் அனைத்தையும் புதிதாக மாற்றி, ஒவ்வொரு முனைக்கும் கிளாம்ப் போட்டு, அந்தப் பித்தளைக் குழாயைக் கையால் இழுத்துப் பாருங்கள். அசைந்தால் கார்புரேட்டரைக் கழற்றி அதைச் சரிசெய்யும்வரை சாவியைத் திருப்ப வேண்டாம்.