பாக்கு மட்டும் போடுபவருக்கும் வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தேவையா?

கேள்வி: மும்பையில் இருக்கிறோம். என் கணவர் புகையிலை தொடமாட்டார், பாக்கு மட்டும் போடுவார். வாயில் வலியோ புண்ணோ இல்லை. பல் டாக்டரிடம் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்வது அவசியமா? அங்கே என்னதான் செய்வார்கள்?

அவசியம். இந்த வாரமே கூட்டிப் போங்கள். இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம், நீங்கள் எழுதியிருப்பது கிட்டத்தட்ட என் சித்தப்பாவின் கதை.

சித்தப்பாவுக்குத் தாராவியில் ஒரு தோல் பட்டறையில் வேலை. 2012-இல் மகாராஷ்டிராவில் குட்காவைத் தடை செய்தபோது அதை விட்டுவிட்டு சுபாரிக்கு, அதாவது பாக்கெட் பாக்குக்கு மாறினார். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பாக்கெட். "வெறும் பாக்குதானே, கல்யாணத் தாம்பூலத்துல வைக்கிறதுதானே" என்பார். நாங்களும் சரி என்று இருந்துவிட்டோம்.

அப்புறம் ஒரு வருடமாக வீட்டில் சாப்பாட்டுச் சண்டை. குழம்பில் காரம் ஏறிப்போச்சு என்று சித்தியிடம் சத்தம் போடுவார். சித்தி மிளகாய்த்தூளைப் பாதியாகக் குறைத்தும் எரிகிறது என்று தயிரை ஊற்றிப் பிசைவார். பன்னுக்குள் வடை வைத்த வடாபாவைக் கடிக்கமாட்டார், பிய்த்துப் பிய்த்து உள்ளே தள்ளுவார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். வயிறு சரியில்லை, வயதாகிறது என்று நினைத்தோம். வலி என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

கடைவாய்ப் பல் உடைந்து கன்னத்தில் உரசியதால்தான் டாக்டரிடமே போனார். முதலில் போன இடத்தில் பல்லை ராவி, தடவ மருந்து கொடுத்து அனுப்பினார்கள். கன்னத்தின் உள்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து சயானில் ஒரு தமிழ் டாக்டரம்மாவிடம் நான் கூட்டிப் போனேன். அவர் பல்லைப் பார்ப்பதற்கு முன்பே, "மூணு விரலை ஒண்ணுமேல ஒண்ணா வச்சு வாய்க்குள்ள விடுங்க" என்றார். பொதுவாக ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றும் போக வேண்டும். சித்தப்பாவுக்கு இரண்டே இறுக்கமாகத்தான் போயின. எனக்கு அந்த வடாபாவ் ஞாபகம் வந்தது.

பிறகு நடந்தது ஐந்து நிமிட வேலை. உதட்டைப் புரட்டிப் பார்த்தார். கன்னத்தை இழுத்துப் பிடித்து, ஈறும் கன்னமும் சேரும் பள்ளம் வரை விளக்கடித்தார். பாக்கை ஒதுக்கி வைக்கும் இடம் அதுதான். நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து இரண்டு ஓரங்களையும், தூக்கச் சொல்லி அடியையும் பார்த்தார். கடைசியில் தாடைக்குக் கீழேயும் கழுத்திலும் கட்டி இருக்கிறதா என்று அழுத்தினார். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. எனக்கும் ஒரு கையுறை கொடுத்து, கன்னத்தின் உள்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மெத்தென்று இருக்க வேண்டிய இடத்தில் கயிறு கயிறாகக் கெட்டியாக இருந்தது. கடைவாய் ஓரத்தில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு ஒன்று.

அந்த இறுக்கத்துக்கு சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். பாக்குதான் அதற்கு முக்கியக் காரணம். சிலருக்கு அது புற்றுநோயாகவும் மாறும். புகையிலை கலக்காத பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. பாக்கெட்டைக் கிழிக்கும் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

கண்ணால் பார்ப்பதில் சந்தேகம்தான் தெரியும். உறுதி செய்ய பயாப்ஸி வேண்டும், அதாவது சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். "கத்தி பட்டா பரவிடும்" என்று சித்தி அழுதார். அப்படியெல்லாம் பரவாது. மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துணுக்கு எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன. அந்தத் திட்டை அகற்றிவிட்டார்கள்.

இப்படி வெறுமனே பார்ப்பதால் பலன் உண்டா என்று கேட்பீர்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள்தான் வாயைப் பார்த்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் அது வெளிவந்தது.

செலவை நினைத்துத் தயங்கினால், மும்பை சென்ட்ரலில் நாயர் பல் மருத்துவக் கல்லூரியும், சிஎஸ்எம்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. எங்கே போனாலும் "பாக்கு போடுறவர், வாய் முழுசும் பாருங்க" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பல்லை மட்டும் பார்த்து அனுப்பிவிடலாம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கட்டி எது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

சித்தப்பா பாக்கை விட்டுவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டிவிட்டு வருகிறார். இறுகிய கன்னம் பழையபடி ஆகவில்லை. டிவி பக்கத்தில் ஒரு டம்ளர் நிறைய ஐஸ்கிரீம் குச்சி வைத்திருக்கிறார். அதைப் பற்களுக்கு இடையில் அடுக்கி, ஒவ்வொன்றாகக் கூட்டி வாய் திறக்கப் பழகுகிறார். 16 குச்சியில் தொடங்கினார், இப்போது 19.

இன்று ராத்திரி உங்கள் கணவரை மூன்று விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றும் போனாலும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.