குழுவுக்கு ஒரே மதிப்பெண் போடலாமா?

வணக்கம். குழுவாகக் கற்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து, என் வகுப்பின் 32 பேரை நால்வர் நால்வராகப் பிரித்துச் செயல்திட்டம் கொடுத்தேன். குழுவுக்கு ஒரே மதிப்பெண் போட்டேன். பல குழுக்களில் இரண்டு பேர்தான் வேலை செய்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. சேர்ந்து செய்ததை எப்படி அளப்பது?
ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் மதிப்பெண் போட்டது முடிந்துவந்த சார்ட்டுக்கு. நால்வர் செய்தாலும் ஒருவரே செய்தாலும் சார்ட் ஒன்றுபோலத்தான் இருக்கும். சேர்ந்து செய்ததற்கான மதிப்பெண்ணை வேலை நடக்கும்போதே எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு குழுவின் அருகிலும் 3 நிமிடம் நில்லுங்கள். 8 குழுவுக்கும் 24 நிமிடம். தாளில் நான்கு பெயர், நான்கு கட்டம்: அடுத்தவர் சொன்னதைப் பிடித்து மேலே கொண்டுபோனாரா, காரணம் கேட்டாரா, பேசாதவரைப் பேசவைத்தாரா, தேவைப்பட்டபோது தன் கருத்தை மாற்றிக்கொண்டாரா. நடக்கும்போதெல்லாம் ஒரு கோடு. எத்தனை முறை பேசினார் என்று எண்ணினால் மதிப்பெண் வாயாடிக்குப் போய்விடும். “அவ சொன்னது ஏன் சரிவராது?” என்று ஒரே ஒருமுறை கேட்ட பிள்ளைதான் குழுவையே நகர்த்தியிருக்கும். மூன்று வெவ்வேறு நாளாவது பாருங்கள்.

நீங்கள் பார்க்காத நேரத்துக்குப் பிள்ளைகளே சாட்சி. ஒவ்வொருவரும் தன்னை விட்டுவிட்டு மற்ற மூவருக்கும் 30 புள்ளியை ரகசியமாகப் பங்கிடட்டும். உழைப்பு சமமென்றால் ஆளுக்கு 30 சேரும். 36 சேர்ந்தவருக்கு 30ஆல் வகுத்தால் 1.2; 21 சேர்ந்தவருக்கு 0.7. குழு மதிப்பெண்ணில் பாதியை மட்டும் இதனால் பெருக்குங்கள். குழு 70 வாங்கியிருந்தால் முன்னவருக்கு 35 + 42 = 77, பின்னவருக்கு 35 + 24.5 = 59.5. முழுவதையும் பெருக்கினால் பின்னவர் 49க்கு இறங்கிவிடுவார். பிள்ளைகள் போட்ட எண்ணுக்கு அவ்வளவு பாரம் ஏற்றக்கூடாது.

கூட்டாளிகள் பேசிவைத்து 10, 10, 10 என்று போடுவார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அவர் செய்த ஒரு வேலையை எழுதச் சொன்னால் அது குறையும். மூவர் சேர்ந்து ஒருவரை ஓரங்கட்டுவதும் உண்டு. உங்கள் கோடுகளும் அவர்கள் புள்ளிகளும் முட்டிக்கொண்டால், நால்வரிடமும் தனித்தனியே பேசாமல் மதிப்பெண்ணைப் பதியாதீர்கள்.

ஒருவரே முடித்துவிடக்கூடிய வேலையைக் கொடுத்துவிட்டு மற்றவர்களைக் குறைசொல்வது நியாயமில்லை. 1971இல் அமெரிக்க உளவியலாளர் எலியட் அரான்சன் கொண்டுவந்த ஜிக்சா முறையில் பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கொரு பகுதி தருவார்கள். அதை அவர்தான் மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். அடுத்த செயல்திட்டத்தை அப்படிப் பிரித்துக்கொடுங்கள். முடிந்ததும் சீட்டுக் குலுக்கி ஒருவரை எழுப்பி, அவருடையதை அல்ல, பக்கத்தில் இருப்பவரின் பகுதியை விளக்கச் சொல்லுங்கள்.