கப்பல் நம்மை விட்டுவிட்டுப் போய்விடுமா?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மகள் சியாட்டிலில் நர்ஸாக இருக்கிறாள். எனக்கும் வீட்டுக்காரருக்கும் அமெரிக்க விசா கிடைத்துவிட்டது. அங்கிருந்து அலாஸ்காவுக்கு 7 நாள் கப்பல் பயணம் புக் செய்திருக்கிறாள். ஜூனோ என்ற ஊரில் பனியாறு பார்க்க 8 மணி நேரம் இறக்கி விடுவார்களாம். அந்த ஊருக்கு ரோடே கிடையாதாம். கொஞ்சம் பிந்திவிட்டால் கப்பல் போய்விடுமா? அவருக்குச் சர்க்கரை வேறு. இங்குள்ள ஏஜென்ட், அமெரிக்க விசா ஒன்றே போதும், மற்றதெல்லாம் கப்பல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார்."

போய்விடும். கப்பலில் ரிசப்ஷன் மேசையில் 14 வருடம் உட்கார்ந்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். கயிறு அவிழ்க்கும் நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களுக்கு 'பியர் ரன்னர்' என்று ஒரு பெயரே உண்டு. மேல்தளத்தில் நிற்கிற கூட்டம் கைதட்டி ரசிக்கும். கப்பல் காத்திருக்காது.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. கப்பல்காரர்களே விற்கும் சுற்றுலா பஸ்ஸில் போனால், அந்த பஸ் பிந்தினால் கப்பல் நிற்கும். நிற்க முடியாமல் போனாலும் உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. வெளியே இதே சுற்றுலா குறைந்த விலைக்குக் கிடைக்கும். இருந்தாலும் உங்கள் வயதுக்கும் சர்க்கரைக்கும் மெண்டன்ஹால் பனியாற்றுக்கு மட்டும் கப்பல் பஸ்ஸையே எடுங்கள். துறைமுகத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், அரை மணி நேரம். மற்றதை நடந்தே பார்க்கலாம். மலைமேல் போகும் ரோப் கார்கூடக் கரையோரத்திலிருந்தே கிளம்புகிறது.

ஜூனோ அலாஸ்காவின் தலைநகரம். பின்னால் மலையும் பனிவெளியும், முன்னால் கடல். வெளியூரிலிருந்து விமானத்திலோ கப்பலிலோதான் வர முடியும். கப்பலை விட்டால் சொந்தச் செலவில் விமானம் பிடித்து அடுத்த துறைமுகத்துக்கு ஓட வேண்டும். அதனால் கைப்பையில் பாஸ்போர்ட் நகல், மகளின் எண், அன்றைய மருந்து முழுவதும் இருக்கட்டும்.

நேரம் பற்றி ஒன்று. அலாஸ்கா நேரம் சியாட்டிலைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. போன் தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது. கப்பலின் கடிகாரம் என்ன சொல்கிறதோ அதுவே சட்டம், இறங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஜூன் மாதத்தில் சூரியன் மறைய ராத்திரி பத்து மணி ஆகும். கன்னியாகுமரியில் அஸ்தமனம் பார்த்துப் பழகிய நமக்கு, வெளிச்சம் இருக்கிறதே என்று அசந்துபோகத் தோன்றும்.

பனியாற்றுப் பாதைகளில் கரடி நடமாட்டம் உண்டு. தண்ணீர் தவிர வேறு எதையும் தின்பதற்குக் கொண்டுபோகக் கூடாது. நேந்திரங்காய் சிப்ஸ் அறையிலேயே இருக்கட்டும். பனியாற்றுக்குப் பக்கத்தில் விழும் நக்கெட் அருவிக்குப் போய்வர மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடை. முட்டுவலி இருந்தால் வேண்டாம், பக்கத்திலேயே குட்டிப் பாதை ஒன்று இருக்கிறது.

கப்பலுக்குள் ஒருவர் 'ஷாப்பிங் ஆலோசகர்' என்று மேடை ஏறுவார். எந்த நகைக்கடைக்குப் போகலாம் என்று வரைபடம் தருவார். அந்தக் கடைகள் காசு கொடுத்து அதில் இடம் பிடித்தவை. முக்கடல் கரையில் ஆட்டோக்காரர் "சும்மா பாத்துட்டு வாங்க" என்று சங்குக்கடை வாசலில் நிறுத்துவாரே, அதே வித்தைதான், கோட்டு சூட்டு மட்டும் கூடுதல்.

சரி, இப்போது உங்கள் ஏஜென்ட். நீங்கள் கேட்காத கேள்விக்கு அவர் தப்பான பதில் சொல்லியிருக்கிறார், எனக்கு எரிச்சலே அதில்தான். அமெரிக்காவில் 1886-ல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளேற்றி, அமெரிக்க ஊர்களை மட்டும் சுற்றிக் காட்டி, அங்கேயே கொண்டுவந்து இறக்கக் கூடாது. அதற்காகவே வெளிநாட்டுக் கொடியோடு ஓடும் சியாட்டில் கப்பல்கள், பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் எட்டிப் பார்க்கும். உங்களுக்குக் கனடா விசா கட்டாயம். கரையில் கால் வைக்காமல் அறையில் தூங்கினாலும் கட்டாயம். அது இல்லையென்றால் சியாட்டிலிலேயே ஏற விடமாட்டார்கள். கட்டிய பணமும் திரும்பாது. பெட்டியோடு அழுதுகொண்டு நின்ற நம்மூர் அப்பா அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: ஏஜென்ட் போதும் என்றாரே.

கட்டணம் ஆளுக்கு 100 கனடா டாலர், கைரேகைக்கு 85. சேர்த்து ஏறக்குறைய 12,000 ரூபாய். இதற்கு மேல் 'துறைமுக அனுமதி' என்று யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள். பத்து விரலை ஒரு கண்ணாடியில் வைத்து எடுக்க நாகர்கோவிலிலிருந்து 700 கிலோமீட்டர் சென்னைக்கு ரயிலேற வேண்டும் என்பதை எந்த ஊர் நியாயம் என்பது!

மகளுக்கு கிரீன் கார்டு இருந்தால் கனடா விசா வேண்டாம். வேலை விசாவில் இருந்தால் அவளுக்கும் வேண்டும். இன்னொன்று: அவள் பாஸ்போர்ட்டில் உள்ள அமெரிக்க விசா ஸ்டாம்ப் காலாவதியாகியிருக்கலாம். அதற்காகப் பதற வேண்டாம். ஸ்டாம்ப் என்பது உள்ளே வருவதற்கு. ஐ-94 என்ற பதிவு உள்ளே தங்குவதற்கு. கனடாவுக்கு மட்டும், 30 நாளுக்குள் போய்த் திரும்புகிறவர்களை, ஐ-94 செல்லுபடியாக இருந்தால் பழைய ஸ்டாம்போடு உள்ளே விட 'ஆட்டோமேட்டிக் விசா ரீவேலிடேஷன்' என்று ஒரு விதி இருக்கிறது. ஆனால் அங்கே போன இடத்தில் புது அமெரிக்க விசாவுக்கு மனுப் போட்டிருக்கக் கூடாது. போட்டால் இந்தச் சலுகை போயிற்று. இது பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த விதியின் நகலையும் ஐ-94 நகலையும் அவள் கையில் வைத்திருக்கட்டும்.

அப்புறம், ஜூனோவில் மழை ஓயாது. குடை காற்றுக்கு நிற்காது. தொப்பி வைத்த மழைக்கோட்டு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.