அடிப்படை வருமானம் கேட்க எதற்குக் கூட்டணி?

அடிப்படை வருமானம் என்பது வேலை, சொத்து எதையும் பார்க்காமல் அரசு எல்லோருக்கும் மாதாமாதம் தரும் பணம். அந்த ‘எல்லோருக்கும்’தான் சிக்கல். பலன் நாடு முழுக்கச் சிதறிக் கிடப்பதால், அதற்காகத் தெருவில் இறங்கத் தனிக் கூட்டம் இருக்காது. வரி கூடுமே என்பவர்களோ ஒன்றாக நிற்பார்கள். ஊர்த்தேர் மாதிரிதான், எல்லாத் தெருக்காரரும் வடம் பிடித்தால்தான் நகரும்.

ஆப்பிரிக்க நாடான நமீபியாவில் தேவாலயங்களின் மன்றம், தொழிற்சங்கம், எய்ட்ஸ் சேவை அமைப்புகள் எல்லாம் அடிப்படை வருமானம் கேட்டு ஒரே கூட்டணியாகச் சேர்ந்தன. நன்கொடை திரட்டி, ஒச்சிவேரோ என்ற ஊரில் 2008, 2009-இல் 60 வயதுக்குட்பட்ட ஒவ்வொருவருக்கும் மாதம் 100 நமீபிய டாலர் கொடுத்துக் காட்டின. (60 தாண்டியவர்களுக்கு ஏற்கெனவே அரசு ஓய்வூதியம் உண்டு.) பிஷப் சொல்லி நம்பாதவர் சங்கத் தலைவர் சொன்னால் கேட்பார், என்னைக் கேட்டால் பெரிய லாபம் அதுதான்.

சோதனை நன்றாக முடிந்தால் அரசு தானாக ஏற்றுக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். நமீபிய அரசு அதை நாடு முழுக்கக் கொண்டுவரவில்லை.