'மழை சேர்வராயன் கையில்' என்கிற தலைவரிடம் எப்படிப் பேசுவது?

ஏற்காட்டுத் தம்பிக்கு, ஓடைக்கரையில் மரம் நட ஆதரவு கேட்டதற்கு உங்கள் ஊராட்சித் தலைவர் "மழை சேர்வராயன் கையில்" என்று மலைச்சாமியின் பெயரைச் சொல்லி முடித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்த நம்பிக்கையோடு மோதாதீர்கள். மோதினால் பேச்சு ஓடையை விட்டுச் சாமிக்குப் போய்விடும்.

அமெரிக்க செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் 2012-இல் பைபிளின் ஆதியாகமம் 8:22-ஐக் காட்டி, காலநிலையில் கடவுள் செய்வதை மனிதன் மாற்ற முடியாது என்றார். அதே வேதத்தை வைத்துத்தான் போப் பிரான்சிஸ் 2015-இல் பூமியைப் பேணுவது கடமை என்று எழுதினார். இன்ஹோஃப் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓக்லஹோமா எண்ணெய் வளத்தில் வாழும் மாநிலம். ஆகவே உங்கள் தலைவருக்கும் தடை பக்தி மட்டும்தானா, நிலமும் வருமானமும் சேர்ந்ததா என்று முதலில் விசாரியுங்கள்.

பேச்சைக் காப்பிப் பூ மழையிலிருந்து தொடங்குங்கள். மார்ச், ஏப்ரலில் சுமார் 25 மி.மீ. பெய்யாவிட்டால் மொட்டு சரியாக மலராது. மலைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். சேர்வராயன் மலையைக் காக்கும் வேலையாகவே நடவைச் சொல்லுங்கள், அது உண்மையும்கூட.

பிறகு மனு. அடுத்த கிராம சபைக்கு ஒரு வாரம் முன்பே கொடுங்கள். ஓடையின் பெயர், சர்வே எண், கன்றுகளின் எண்ணிக்கை, கோடையில் தண்ணீர் ஊற்றுபவர் யார், எல்லாம் அதில் இருக்கட்டும். 'காலநிலையைக் காப்போம்' என்று மட்டும் தீர்மானம் போட்டால் எந்த அதிகாரியாலும் அதை வைத்து வேலை செய்ய முடியாது. நகலைத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் சேலம் கலெக்டரிடம் கொடுங்கள். தமிழக அரசின் மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்கு அவர்தான் இயக்குநர்.