பாலா, கோதுமையா: எது என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

மூன்று வாரம் பாலையும் கோதுமையையும் விட்டதில் வயிற்று உப்புசம் நின்றது, இரண்டையும் ஒரே நாளில் சேர்த்ததும் திரும்பிவிட்டது, எது காரணம் என்று தெரியவில்லை என்கிறீர்கள். விட்டது வீண் போகவில்லை. சேர்த்த விதத்தில்தான் சிக்கல்.

கோதுமையை மறுபடி நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். கோதுமை வழக்கமாகச் சாப்பிட்டு வரும்போதுதான் அது சரியாகக் காட்டும். இதைப் பலரும் தவறவிடுகிறார்கள்.

அது முடிந்ததும் இரண்டையும் விடுங்கள். வயிறு அடங்கியபின் பாலை மட்டும் சேருங்கள்: முதல் நாள் கால் டம்ளர், மறுநாள் அரை, மூன்றாம் நாள் முழுசாக. நடுவில் தொந்தரவு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்புறம் மூன்று நாள் இடைவெளி விட்டு, வயிறு அமைதியாக இருந்தால் கோதுமை. பால் ஒத்துக்கொண்டாலும் கோதுமைச் சோதனை முடியும்வரை பாலைத் தொடாதீர்கள். சாப்பிட்ட நேரம், அளவு, உப்புசம் தொடங்கிய நேரம் மூன்றையும் அவ்வப்போதே எழுதுங்கள். இரவில் உட்கார்ந்து யோசித்தால் பாதி மறந்திருக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் ‘வே பவுடர்’, ‘கேசினேட்’ என்று போட்டிருந்தால் அதுவும் பால்தான்.

எப்போதாவது உதடு வீங்கியதோ மூச்சுத் திணறியதோ உண்டா? அப்படியானால் வீட்டில் சோதிக்கவே வேண்டாம், மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் செய்யுங்கள்.